ஏற்காட்டு மலைப்பங்கில் ஒரு திருத்தொண்டரோடு: வியாழன் முதல் திங்கள் வரை

வியாழன், சேலம்

நாலு ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் குழந்தை இயேசு பேராலயம். மலைக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக் கட்டுவது இங்கேயே முடிந்துவிட வேண்டும். மறந்துபோன ஒரு கட்டு மெழுகுவர்த்திக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

சேலம் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி) 1930-ல் உருவானது. 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. சேர்வராயன் மலை சேலத்தோடேயே நின்றுவிட்டது. அந்த மலைப்பங்கு ஒன்றில்தான் நம் திருத்தொண்டருக்கு, அதாவது குருப்பட்டத்துக்கு முந்தைய பட்டம் பெற்றவருக்கு, பணி. ஊர்க்காரர்களுக்கு அவர் இன்னும் 'பிரதர்'தான். பாட்டிமார் மட்டும் 'சின்ன சாமி' என்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "பட்டம் எப்பங்க?" என்பது. திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 6 மாதம் இடைவெளி வேண்டும் என்பது சட்டம் (1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 1031). தமிழ்நாட்டில் அந்த ஆறு மாதத்தைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மாதிரி பார்க்கிற பழக்கம் இருக்கிறது. அது சரியில்லை. மும்பை உயர்மறைமாவட்டத்தில் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டே ஆயுள் முழுக்கத் திருத்தொண்டராக இருப்பவர்கள் உண்டு. ஆறு மாதமோ ஆயுளோ, பட்டம் ஒன்றேதான்.

அவர் செய்யக்கூடியவை: திருமுழுக்கு கொடுப்பது, நற்கருணை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) வழங்குவது, நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றுவது, உரிய அனுமதியோடு திருமணத்தை நடத்திவைப்பது, அடக்கம் செய்வது, நற்கருணை ஆசீர் கொடுப்பது, வீடு வாசல் மந்திரிப்பது, அதாவது ஆசீர்வதிப்பது. முடியாதவை மூன்று: பூசை (திருப்பலி) வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க முடியாது, நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு) கொடுக்க முடியாது. மலையில் ஒரு வாரத்தின் ஓட்டம் முழுக்க இந்த மூன்று 'முடியாது'களைச் சுற்றித்தான். எந்த வீட்டுக்குப் பங்குச்சாமி (பங்கின் பொறுப்புக் குரு) முன்னால் போக வேண்டும், எதற்குத் தான் போனால் போதும் என்று பிரிப்பதுதான் இன்றைய முக்கிய வேலை.

பைக்குள் போவதைச் சொல்லிவிடலாம். வெள்ளை அங்கி, இடைக்கயிறு, ஊதா ஸ்டோல் (தோளில் போடும் நீளப் பட்டை) ஒன்று, வெள்ளை ஒன்று. திருத்தொண்டர் ஸ்டோலை இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே வலது இடுப்புக்குப் போடுவார். குனிந்தால் நழுவும், ஆகவே ஊக்கு இரண்டு கூடவே. நற்கருணைச் சிமிழ், அதற்குக் கழுத்தில் மாட்டும் பை, சிறிய சிலுவை, திருமேனித் துகில் (நற்கருணைக்கு அடியில் விரிக்கும் துணி) இரண்டு, துடைக்கும் துணி நான்கு, தீர்த்தப் புட்டி. எண்ணெய்ச் சிமிழ் இரண்டு மட்டும், இரண்டும் திருமுழுக்குக்கு: ஆயத்த எண்ணெய், கிறிஸ்மா. மூன்றாவதான நோயாளர் எண்ணெய் இந்தப் பையில் இருக்கக் கூடாது. இருந்தால் அவசரத்தில் வீட்டார் கெஞ்சும்போது கை தானாக அதற்குப் போகும். சிமிழுக்குள் எண்ணெயை அப்படியே ஊற்றினால் மலை ரோட்டில் பை முழுக்க வழிந்துவிடும்; பஞ்சை அடைத்து, பஞ்சு குடிக்கும் அளவுக்கு ஊற்றினால் போதும்.

அப்பம் கோதுமையும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்டது. ஏற்காட்டு மூடுபனிக் காலத்தில் காகிதப் பொட்டலத்தில் வைத்தால் நாலு நாளில் அப்பளம் நமத்த கதைதான். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா வேண்டும். தூபத்துக்குக் கடையில் விற்கும் வட்டக் கரியும் ஈரம் இழுத்துப் பற்றாமல் போகும். மலையில் கொட்டாங்குச்சிக் கரிக்கு நிகர் எதுவுமில்லை, எந்த வீட்டு அடுப்படியிலும் கிடைக்கும். சாம்பிராணி மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

வெள்ளி, எஸ்டேட் லைன் வீடுகள்

முதல் வெள்ளி. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் நாள். டிசம்பரில் இதற்கு ஒரு வசதியும் ஒரு தொந்தரவும் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் எட்டு மணிக்கு மேல் லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) படுக்கையில் கிடப்பவர்களையும் தொட்டில் பிள்ளைகளையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். நோயாளியை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் தலையைத் தூக்கிப் பிடிக்கவும் தண்ணீர் எடுத்துத் தரவும் ஆள் இருக்காது. அதனால் முந்தின நாளே அன்பியப் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு) பொறுப்பாளரிடம் சொல்லி வீட்டுக்கு ஒருவரை நிறுத்தச் சொல்வது வழக்கம்.

ஏற்காடு டவுனில் சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் பஞ்சமில்லை. 1917-லேயே மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்த ஊர். சலேசிய சபையின் 'ரிட்ரீட்' இருக்கிறது. கன்னியர் மடங்கள் இருக்கின்றன. நாகலூர், மாரமங்கலம் பக்கமெல்லாம் உள்ளே போகப் போகத்தான் கதை வேறு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அதன் நிழலில் காப்பிச் செடி. நடுவே ஓட்டு லைன். ஒரு லைனில் ரெண்டு மூணு கத்தோலிக்க வீடு. அங்கிருந்து பங்குக் கோயிலுக்கு வர நோயாளிக்கு ஏது வழி?

சிமிழ் கழுத்தில் இருக்கும்போது சில ஒழுங்குகள். கோயிலில் நற்கருணை வைத்திருக்கும் பேழையிலிருந்து நேரே வீடு. வழியில் டீக்கடை கிடையாது, பேச்சுக் கச்சேரி கிடையாது. பைக்கில் போனால் சிமிழ் சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும், பெட்ரோல் டாங்க் பையில் அல்ல. "தோத்திரம் சாமி" என்று எதிரில் வருபவருக்குத் தலையசைப்பு போதும்.

வீட்டில் ஒரு ஸ்டூல், வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, சிலுவை, ஒரு தம்ளர் தண்ணீர். ஸ்டூலைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுவிடுவார்கள். நோயாளிக்குத் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளிப் போட வேண்டும். வாழ்த்து, தீர்த்தம் தெளிப்பது, மனவருத்தச் செபம், நற்செய்தியிலிருந்து நாலைந்து வரி, பரலோக மந்திரம், நற்கருணை, கொஞ்ச நேரம் மௌனம், இறுதிச் செபம், ஆசீர். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மூச்சுத் திணறுபவருக்குத் தாங்காது. காலைக் கஞ்சி குடித்துவிட்டேன் என்று தயங்குபவர் உண்டு. ஒரு மணி நேர உபவாசம் முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் கட்டாயமில்லை (எண் 919); அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

விழுங்க முடியாதவர்தான் சிக்கல். முழு அப்பத்தை வைத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், இருமல் வரும், வெளியே வந்துவிடும். முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது. அது இறங்கினால், அரிசி நுனியளவு ஒரு துண்டைக் கிள்ளி ஸ்பூன் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொடுப்பது. ஸ்பூனை அதே தண்ணீரில் அலசி அந்தத் தண்ணீரையும் குடிக்கவைக்க வேண்டும், அல்லது தானே குடித்துவிட வேண்டும். மூக்கில் குழாய் போட்டிருப்பவருக்கு வற்புறுத்தவே கூடாது; நெற்றியில் சிலுவை வரைந்து, ஆசை நற்கருணைச் செபம் (மனத்தால் நற்கருணையை விரும்பிப் பெறும் செபம்) சொன்னால் போதும்.

இன்றைய பட்டியலில் கடைசி லைனில் ஒரு பாட்டி, தொண்ணூறைத் தொடும் வயது. நேற்றே பங்குச்சாமியிடம் சொல்லி வைத்திருந்ததால் அவர் காலை ஏழுக்கே வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். வரிசை அதுதான்: பாவசங்கீர்த்தனம், நோயில்பூசுதல், கடைசியாக வழியுணவு (சாகும் தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கும் நற்கருணை). மூன்றையும் ஒரே குரு ஒரே நேரத்தில் கொடுத்துவிடலாம்; ஆனால் பாட்டிக்கு அப்போது விழுங்க முடியவில்லை, பதினோரு மணிக்குக் கொஞ்சம் தெளிந்ததும் திருத்தொண்டர் வழியுணவைக் கொடுத்தார். வழியுணவு கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. எண்ணெய் பூச இல்லை. இதில் சந்தேகமே வேண்டாம் என்று உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2005-ல் மறுபடி எழுதிவிட்டது. முன்கூட்டிச் சொல்லாமல் வெள்ளிக்கிழமை அங்கே போய் நின்று, செல்போனில் சிக்னல் தேடிக் குன்றுமேல் ஏறுவதுதான் மலையில் அடிக்கடி நடக்கிற தவறு. நல்ல திருத்தொண்டர் யாரென்று கேட்டால், வியாழன் மாலையே அந்தப் போனைப் போடுகிறவர்.

சனி, பங்குக் கோயில்

பாட்டி விடியற்காலையில் இறந்துவிட்டதாகச் செய்தி. மகன் திருப்பூரிலிருந்து வர வேண்டும். அடக்கம் ஞாயிறு மதியம் என்று முடிவானது. திருவருகைக் காலத்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம்) ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி வைக்கக் கூடாது என்பது திருப்பலிப் புத்தகத்தின் பொது விதி (எண் 380). பூசை இல்லாமல் அடக்கச் சடங்கை நடத்தலாம்; பூசையை வேறு நாளில் ஒப்புக்கொடுக்கலாம். வீட்டாருக்கு இதை இன்றே சொல்லிவிட வேண்டும். நாளை கோயில் வாசலில் வைத்துச் சொன்னால், "எங்க அம்மாவுக்கு மட்டும் பூசை இல்லையா?" என்று மனம் நோகும்.

மதியம் ஒரு கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு. ஞானப்பெற்றோராக நிற்பவர் 16 வயது நிரம்பிய, உறுதிபூசுதல் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன் அந்த இடத்தில் நிற்க முடியாது. தாய்மாமன்தான் நிற்பார் என்று குடும்பத்தில் முடிவெடுத்திருப்பார்கள், அவர் உறுதிபூசுதல் வாங்கியிருக்க மாட்டார். அப்போது தகுதியுள்ள இன்னொருவரை ஞானப்பெற்றோராக நிறுத்தி, மாமனையும் பக்கத்தில் நிற்கவைத்து மானத்தைக் காப்பாற்றலாம்.

தண்ணீர் பச்சைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் ஏற்காட்டுத் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் பிள்ளை வீறிடும், தாய் பதறுவாள், செபம் காதில் விழாது. வெதுவெதுப்பாக ஒரு சொம்பு கலந்து வைப்பது. முக்கியமானது, தண்ணீர் தலைத்தோலில் பட்டு ஓட வேண்டும். முடி அடர்ந்த பிள்ளையென்றால் மேலாக ஊற்றினால் முடியிலேயே நின்றுவிடும். இடது கையால் முடியை ஒதுக்கி, மூன்று முறை, ஒவ்வொரு முறைக்கும் உரிய பெயரைச் சொல்லி. அந்த வாக்கியத்தில் 'நான்' என்பதற்குப் பதிலாக 'நாங்கள்' என்று ஊரோடு சேர்த்துச் சொல்வது பாசமாகத் தோன்றும். அப்படிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று 2020-ல் உரோமை தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அமெரிக்காவில் ஒரு குருவுக்கே தன் திருமுழுக்கு செல்லவில்லை என்று தெரியவந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற வேண்டியதாயிற்று. அச்சிட்டதை அச்சிட்டபடி வாசிப்பதுதான் நல்லது.

தண்ணீருக்கு முன்னால் நெஞ்சில் ஆயத்த எண்ணெய், பின்னால் உச்சியில் கிறிஸ்மா. சிமிழ் மாறிவிடாமல் இருக்க மூடியில் எழுத்து பொறித்திருக்கும், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. கிறிஸ்மாவில் நறுமணத் தைலம் கலந்திருப்பதால் மூக்கே கண்டுபிடித்துவிடும்.

மாலை ஒரு திருமணத்துக்கு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதும் வேலை. மணமகன் கத்தோலிக்கர், பெண் இந்து. முழுக்குப் பெறாதவரை மணப்பதற்கு ஆயரிடமிருந்து விலக்கு வாங்க வேண்டும். அதோடு, பங்குச்சாமியின் அதிகாரம் திருத்தொண்டருக்கு மாற்றித் தரப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் அவர் முன்னால் நடந்த கல்யாணம் செல்லாது (எண் 1108, 1111). வாய்ச்சொல்லாகவும் தரலாம்தான். எழுத்தில் வாங்கி ஃபைலில் வைப்பது பின்னால் தலைவலியைத் தவிர்க்கும்.

ஞாயிறு, கிளைக் கிராமம்

காலை ஏழு மணிப் பூசையில் திருத்தொண்டர் நற்செய்தி நூலை ஏந்தி வருகிறார், இரசத்தில் துளி தண்ணீர் சேர்க்கிறார், பாத்திரம் உயர்த்துகிறார், கடைசியில் பாத்திரங்களைக் கழுவித் துடைக்கிறார். இதெல்லாம் எல்லோரும் பார்ப்பது. பார்க்காதது, கிளைக் கிராமத்துக்கு எத்தனை அப்பம் எடுப்பது என்ற கணக்கு. அன்பியத் தலைவியிடம் நற்கருணை வாங்குவோர் தொகை கேட்டு, அதோடு பத்து சேர்ப்பது. அந்தச் சிற்றாலயத்தில் பேழை கிடையாது. மிச்சத்தை அங்கே விட முடியாது, உட்கொள்ள வேண்டும் அல்லது திரும்பக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் பிட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம், நிறைய மிஞ்சினால்தான் அவஸ்தை.

குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கு 1988-ல் உரோமை தனி வழிகாட்டி வெளியிட்டது. அதன் உயிர்நாடி ஒன்றுதான்: இது பூசையல்ல என்பது யாருக்கும் மறந்துபோகக் கூடாது. அதனால் தொடக்கத்திலேயே, "இன்று இங்கே திருப்பலி இல்லை, பங்குக் கோயிலில் நிறைவேறிய பலியின் நற்கருணையைப் பெறப்போகிறோம்" என்று சொல்லிவிடுவது. பிறகு ஞாயிறுக்குரிய வாசகங்கள் முழுவதும், மறையுரை, விசுவாச அறிக்கை, மன்றாட்டு, ஒரு நன்றிப் புகழ்ச்சி, பரலோக மந்திரம், சமாதானம், நற்கருணை, ஆசீர். காணிக்கைப் பவனி கிடையாது. நற்கருணை மன்றாட்டின் ஒரு வரிகூட வரக் கூடாது. பாடகர் குழு பழக்கதோஷத்தில் 'தூயவர்' பாடத் தொடங்கிவிடும். ஆர்மோனியக்காரரிடம் பாட்டு எண்களை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம்.

மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாதென்று 2024-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். வாரம் முழுக்கப் பழம் பறித்த கைகள், மூட்டை சுமந்த முதுகுகள் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே ஏழே போதும். குருமடத்து நோட்டிலிருந்து கிரேக்கச் சொல் எடுத்து விளக்குவதை மலையில் யாரும் கேட்கப்போவதில்லை. கூலி பேசினபடி கொடுக்காதவனைப் பற்றி யாக்கோபு தன் திருமுகத்தில் சொன்னதை எடுத்தால் தலை நிமிரும்.

வழிபாடு முடிந்ததும் ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "அப்பாவுக்குப் பூசைக்கு வச்சிக்கங்க" என்பார். திருத்தொண்டர் பூசை வைக்க முடியாது, ஆகவே அது அவர் பணமல்ல. அங்கேயே சிறு நோட்டில் பெயர், கருத்து (யாருக்காகப் பூசை என்பது), தொகை எழுதி, அவர் எதிரிலேயே கவரில் போட்டு, இன்றே பங்குச்சாமியிடம் சேர்ப்பது. பைக்குள் சும்மா போட்ட பணம் பெட்ரோலாகிவிடும்.

மதியம் பாட்டியின் அடக்கம். காலை ஆறு மணிக்கே குழி வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒன்றரை முழத்தில் பாறை, அதற்கு மேல் சில்வர் ஓக் வேர். கடப்பாரை போட்டும் பதினொன்றாகிவிட்டது. மலைக் கல்லறைக்கு நேரம் குறிக்கும்போது குழி வெட்டுபவரைக் கேட்டுவிட்டுத்தான் குறிக்க வேண்டும். பெட்டி சேலத்திலிருந்து வேனில் வந்தது. லைன் வீட்டு வாசல் குறுகல், பெட்டி உள்ளே நுழையவில்லை, பாயோடு தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்தார்கள்.

வீட்டில் செபம், தீர்த்தம். கோயிலில் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியருகே பெட்டி, வாசகம், குறுகிய மறையுரை. இறந்தவரைப் புகழ்ந்து பேசுவதற்கு அது இடமல்ல. பேரனுக்குப் பேச ஆசையென்றால் வீட்டிலோ கல்லறையில் எல்லாம் முடிந்தபிறகோ பேசலாம். பிறகு பிரியாவிடைச் சடங்கு: பெட்டியைச் சுற்றித் தீர்த்தம், மறுபடி சுற்றித் தூபம். கொட்டாங்குச்சிக் கரி கனகனவென்று நின்றது. கல்லறை நிலம் ஏற்கெனவே மந்திரித்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எஸ்டேட் ஓரத்து நிலமென்றால் பெரும்பாலும் இல்லை, அப்போது குழியைத் தனியாக மந்திரிக்க வேண்டும். கயிறு விட்டு இறக்குகிறபோது செபத்தை நிறுத்திவிட்டு, பெட்டி தரைதொட்டபின் தொடர்வது நல்லது. இறக்குகிற நால்வருக்கும் ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து லைன் மலையாளிப் பழங்குடியினரும் வந்து அவரவர் முறைப்படி ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். அதில் தடைசொல்ல ஒன்றுமில்லை.

திங்கள், பதிவேடு

பத்து மணி வரை மூடுபனி. பங்கு அலுவலக அறையில் பதிவேடுகள் இரண்டைத் திறந்தாயிற்று.

திருமுழுக்கு ஏட்டில் குழந்தையின் பெயர், பிறந்த நாளும் ஊரும், பெற்றோர், ஞானப்பெற்றோர், கொடுத்தவர், இடம், தேதி (எண் 877). பெயரை வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதினால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வம்பு: பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, இங்கே வேறெழுத்து. சான்றிதழைக் கையில் வாங்கி அதைப் பார்த்தே எழுத வேண்டும். தலைப்பெழுத்து, தகப்பன் பெயர், இரண்டுமே. பால்பாயிண்ட் நீலம் பத்து வருடத்தில் மங்கும், கறுப்பு மை நிற்கும். அடித்தால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்து.

இறப்பு ஏட்டில் பாட்டியின் வயதுக்கு ஆதார் அட்டை ஒன்றைச் சொல்கிறது, பழைய திருமுழுக்கு ஏடு நாலு வயது கூட்டிச் சொல்கிறது. இங்கே திருமுழுக்கு ஏடுதான் கணக்கு.

அந்த ஏடுகளின் ஓரத்தில் ஒரு வெற்றுப் பத்தி விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், துறவற நித்திய வார்த்தைப்பாடு, குருத்துவப் பட்டம் எல்லாம் அவரவர் முழுக்குப் பெற்ற ஊரின் ஏட்டில், அந்தப் பத்தியில் ஏற வேண்டும். ஒருவர் எங்கே கல்யாணம் பண்ணினாலும் சேதி முழுக்குப் பெற்ற பங்குக்குப் போக இதுதான் வழி. திருத்தொண்டர் பட்டம் பெற்ற செய்தியும் அப்படியே. ஆயரகத்திலிருந்து கடிதம் போகும், பங்குச்சாமி எழுதுவார். எழுதினாரா என்று பட்டம் பெற்றவர்தான் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும், பாதி ஊர்களில் அந்தக் கடிதம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும்.

பூசைக் கருத்துக் கவரைப் பங்குச்சாமி எண்ணி வாங்கிக்கொண்டார். பாட்டிக்கான திருப்பலி புதன் மாலை ஆறரைக்கு. தோட்ட வேலை முடிந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். அடுத்த வாரப் பட்டியலில் புதிதாக இரண்டு நோயாளிகள், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு வீடு மந்திரிப்பு, கரி வாங்க வேண்டியதில்லை, அப்பம் இருநூறு, ஊக்கு ஒரு அட்டை.